சுண்ட வைத்த சாம்பிள்

உப்பளங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒரு கல்லூரியில் ஜெசிந்தா மேடம் என்றொரு ஆசிரியை இருந்தார். அவரிடம் ஒரு மெஷினும் இரண்டு மாணவர்களும் இருந்தார்கள். மெஷினைப் பற்றி அவர் அதிகம் கவலைப்பட்டதில்லை.

மாணவர்களில் மூத்தவன் தளவாய். இளையவள் இசக்கியம்மாள். இருவரும் முனைவர் பட்டத்துக்காக ஒரே நுண்ணுயிரைத்தான் ஆராய்ந்தார்கள். மீன் குஞ்சுகூடப் பிழைக்காத உப்பளத்துத் தண்ணீரில் அந்த நுண்ணுயிர் சொகுசாக வாழ்ந்தது. எப்படி வாழ்கிறது என்பதுதான் கேள்வி.

தளவாய் ஒரு பதில் கண்டிருந்தான். அது தன் உடம்புக்குள் எக்டோயின் என்ற பொருளைச் செய்து சேர்த்துக்கொள்கிறது. உள்ளே இருக்கிற தண்ணீரை வெளி உப்பு உறிஞ்சிவிடாமல் எக்டோயின் பிடித்துவைக்கிறது.

கண்டான் என்றால் கண்ணால் அல்ல, மெஷினால். அதை அவர்கள் மாஸ் ஸ்பெக் என்பார்கள். சாம்பிளை ஊசிமுனை வழியாகப் பனிபோலத் தெளிக்கும். துளிகள் சூட்டில் காயும். காயும்போது மின்னேற்றம் பெற்ற மூலக்கூறுகள் மட்டும் பறந்து உள்ளே போகும். போனவற்றை எடை போட்டு, ஒவ்வோர் எடைக்கும் திரையில் ஒரு கோட்டை நிமிர்த்தும். அந்தக் கோட்டுக்குப் பீக் என்று பேர். எக்டோயின் இருந்தால் நூற்று நாற்பத்து மூன்றாம் இடத்தில் பீக் எழ வேண்டும்.

தளவாயின் சாம்பிளுக்கு அங்கே பனைமரம் போல ஒரு பீக் எழுந்தது. இசக்கியின் சாம்பிளுக்கு அங்கே வெறும் தரை.

ஒரு நாள் மத்தியானம் இசக்கி மேடத்தின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"கதவை ஏம்மா சாத்துத? ஏற்கெனவே புழுங்குது."

"ஒரு விஷயம் பேசணும், மேடம்."

"பேசு. கதவா பேசப் போகுது?"

இசக்கி கதவைத் திறக்கவில்லை. உட்காரவும் இல்லை.

"தளவாய் அண்ணன் பேப்பர்ல இருந்து என் பேரை எடுத்துருங்க, மேடம்."

"சரி. ஏன்?"

"அந்தப் பீக் பொய்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தூரத்தில் உப்பு லாரி ஒன்று கியர் மாற்றிப் போகிற சத்தம் கேட்டது. 

"உக்காரு. முதல்ல இருந்து சொல்லு."

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் கண்டதை இன்னொருவர் தன் கையால் முதலிலிருந்து செய்து காண வேண்டும். அதன் பிறகுதான் கட்டுரை வெளியே போகும். திரும்பச் செய்தவர் பேரும் கட்டுரையில் சேரும். தளவாய் கண்டதைத் திரும்பக் காணும் வேலை இசக்கிக்கு வந்தது.

அவள் ஒழுங்காகத்தான் செய்தாள். உப்பளத்துத் தண்ணீரில் நுண்ணுயிரை வளர்த்தாள். சுழற்றி அடியில் திரட்டினாள். கழுவினாள். வெறும் தண்ணீரில் கழுவினால் அது வெடித்துவிடும் என்பதால், அதற்குப் பழகிய உப்புத் தண்ணீரிலேயே கழுவினாள். மெத்தனாலை ஊற்றி உள்ளே இருப்பதை வெளியே எடுத்தாள். மெஷினில் கொடுத்தாள். ஒன்றும் வரவில்லை.

முதலில் அவள் சந்தேகப்பட்டது தன்னைத்தான். அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். தப்பு நடந்தால் அது தன் தப்பாகத்தான் இருக்கும் என்று நினைப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. எல்லாவற்றையும் மறுபடி செய்தாள். மறுபடியும் தரை.

அதனால் கவனமான யாரும் செய்வதை அவளும் செய்தாள். கொஞ்சமாக இருப்பதால்தான் தெரியவில்லையோ என்று, சாம்பிளைச் சூட்டில் வைத்து மெத்தனாலை ஆவியாக்கிக் கெட்டியாக்கினாள். குழம்பைச் சொல்வது போல, அந்த ஆய்வகத்தில் அதைச் சுண்ட வைப்பது என்பார்கள். சுண்ட வைத்தும் வரவில்லை. இன்னும் சுண்ட வைத்தாள். வரவில்லை. கடைசியில் சோதனைக் குழாயின் அடியில் கண்ணீர்த்துளி அளவுக்கு மிஞ்சியதைக் கொடுத்தாள். திரையில் நூற்று நாற்பத்து மூன்றைச் சுற்றிய இடத்தை மட்டும் பெரிதாக்கி, மூக்கு இடிக்கும் அளவுக்கு அருகில் போய்ப் பார்த்தாள்.

தரை.

தளவாயிடம் கேட்டாள்.

"நீங்க எவ்வளவு சுண்ட வச்சீங்க, அண்ணே?"

"சுண்டவா? நான் எங்க சுண்ட வச்சேன். தண்ணி ஊத்திக்கோ புள்ள, வந்துரும்."

"தண்ணியா?"

"ஒரு சொட்டு சாம்பிள். மிச்சம் பூராவும் தண்ணி. நான் அப்படித்தான் செய்யுதேன்."

"எதுக்கு அப்படி?"

தளவாய் அவள் முகத்தைப் பார்க்காமல், சொட்டு விடுகிற பைப்பெட்டைத் துடைத்தான். "மேடம் சொல்லிக் குடுத்தது. வா, டீ குடிச்சிட்டு வருவோம்."

அவள் டீ குடிக்கப் போகவில்லை. அன்றைக்குத்தான் சந்தேகம் ஆளை மாற்றியது.

கெட்டித் தயிரில் கிடைக்காத வெண்ணெய் தண்ணி மோரில் எப்படி மிதக்கும்? ஒருவிதத்தில்தான் மிதக்க முடியும். யாரோ வெளியிலிருந்து வெண்ணெயைக் கொண்டுவந்து போட வேண்டும்.

வெளியிலிருந்து போடுவதற்கு வழியும் இருந்தது. கடையில் வாங்கிய சுத்தமான எக்டோயின், ஒரு விரல் உயரக் கண்ணாடிக் குப்பியில், ஃபிரிட்ஜில் இருந்தது. மெஷின் சரியாக எடை போடுகிறதா என்று பார்ப்பதற்காக வாங்கிவைத்தது. இசக்கி ஃபிரிட்ஜ் பக்கம் ஒரு கண்ணை வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆய்வகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்து வந்தவள், கதவுக் கண்ணாடி வழியாகத் தளவாயைப் பார்த்தாள். அவன் கையில் அந்தக் குப்பி இருந்தது. அதிலிருந்து கொஞ்சம் கரைத்து, தன் சாம்பிள் குழாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தான். அவசரமே இல்லை. பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு விட்டான்.

அவள் உள்ளே போகவில்லை. வந்த வழியே திரும்பிவிட்டாள்.

மறுநாள் குப்பியில் தூள் நின்ற மட்டத்தில், லேபிளின் ஓரமாக, யாருக்கும் தெரியாதபடி பென்சிலால் ஒரு கோடு போட்டாள். சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோது தூள் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

அதன் பிறகு தளவாய் எது செய்தாலும் அதில் ஒன்று தெரிந்தது. அவள் வரும்போது அவன் திரையை மூடினால் மறைக்கிறான். மூடாவிட்டால் தைரியமாகிவிட்டான். பேசாவிட்டால் பயம். பேசினால் நடிப்பு. அவள் எல்லா லேபிளையும் இரண்டு தரம் படிப்பதைப் பார்த்து அவன் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பேர் வைத்திருந்தான். முன்பெல்லாம் சிரிப்பாள்.

"என்ன இன்ஸ்பெக்டர், கேஸ் எந்த லெவல்ல இருக்கு?"

"எந்த கேஸ்?"

"என்னமோ ஒரு கேஸ். மூஞ்சி அப்படி இருக்கே. டீ?"

"வேண்டாம்."

"டீல மயக்க மருந்தா போடப் போறேன்? வா புள்ள."

அவளுக்கு அந்த வேடிக்கையும் ஒரு சாட்சியாகத் தெரிந்தது. மயக்க மருந்து என்ற பேச்சு ஏன் இவன் வாயில் வருகிறது?

வீட்டில் யோசித்துப் பார்த்தாள். கட்டுரை போய்விட்டால் அவள் பேரும் கூடவே போகும். அவள் அம்மா உப்பளத்தில் உப்பு வாருகிறவள். மகள் பேர் அச்சில் வரப்போகிறது என்று கூட வேலை செய்கிறவர்களிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று. நாளைக்கு அது பொய் என்று தெரிந்தால், தளவாய்க்கு அப்பா வக்கீல், மாமா டாக்டர். அவன் எங்கேயாவது பிழைத்துக்கொள்வான். தனக்கு மறுபடி ஏறுவதற்குப் படி கிடையாது. புகார் கொடுத்தால் விசாரணைக் குழு வரும். தளவாயின் ஐந்து வருடம் போகும். அது தெரிந்துதான் மேடத்தின் கதவைச் சாத்தினாள்.

சொல்லி முடித்துவிட்டு இசக்கி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

"குப்பில இருந்து அவர் எடுத்துப் போட்டதை நான் கண்ணால பாத்தேன், மேடம். கோடு போட்டு வச்சும் பாத்தேன்."

"பென்சில் கோடு நீதானா?" என்றார் மேடம். "நானும் யாருன்னு யோசிச்சேன்."

 கோட்டை மேடம் பார்த்திருக்கிறார். அப்படியென்றால் குப்பியை மேடமும் எடுத்திருக்கிறார். எதற்கு? கட்டுரையின் கடைசிப் பேர் மேடத்தின் பேர். பனைமரம் எழுந்தால் அவருக்கும் நிழல்தான்.

மேடமும் கூட்டா?

அந்த நினைப்பு இசக்கியின் முகத்தில் எழுதியிருந்திருக்க வேண்டும். மேடம் அதை வாசித்தது போலத் தலையசைத்தார்.

"புகார் எழுது. விசாரணைக் குழுவுக்கு. சாயங்காலத்துக்குள்ள கொண்டா, நானே கையெழுத்துப் போட்டு அனுப்புதேன்."

இசக்கி இதை எதிர்பார்க்கவில்லை.

"அதுக்கு முந்தி ஒரு வேலை இருக்கு. அந்தக் கண்ணீர்த்துளி சாம்பிள் மிச்சம் இருக்கா?"

"இருக்கு, மேடம்."

"அதுல கொஞ்சம் எக்டோயினைப் போடு. மெஷின்ல குடு. எவ்வளவு பெருசா பீக் வருதுன்னு பாத்துட்டு வந்து எழுது."

"எதுக்கு மேடம்?"

"வெளிய இருந்து போட்டா எப்படி இருக்கும்னு குழுவுக்குக் காட்ட வேண்டாமா? திருட்டை நிரூபிக்கணும்னா திருடிக் காட்டணும்ல."

அது நியாயமாகப் பட்டது. நியாயமாகப் பட்டதே சந்தேகமாகவும் இருந்தது.

"நீங்களும் வாரீங்களா, மேடம்?"

"நான் தொட மாட்டேன். உள்ளயும் வர மாட்டேன். வந்தா நான் எதையாவது செஞ்சேன்னு நாளைக்கு உனக்குத் தோணும்." மேடம் மேசை டிராயரிலிருந்து மக்ரூன் பொட்டலத்தை எடுத்தார். ஆய்வகத்துக்குள் தின்பண்டம் கூடாது. "நான் வராந்தால நின்னு இதைத் தின்னுட்டு இருப்பேன்."

ஃபிரிட்ஜில் இருந்த குப்பியை இசக்கி எடுக்கவில்லை. பலர் கை பட்டது. அலமாரியிலிருந்து சீல் உடைக்காத புதுக் குப்பியை எடுத்தாள். சீலை உடைக்கும்போது ஜன்னலுக்கு வெளியே மேடத்தைப் பார்த்தாள். மேடம் மக்ரூனின் கூர்முனையைக் கடித்துக்கொண்டு, "நல்லது" என்பது போல விரலை ஆட்டினார்.

புதுக் குப்பியையும் அவள் நம்பிவிடவில்லை. முதலில் அதை வெறும் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். நூற்று நாற்பத்து மூன்றில் பீக் விறைப்பாக எழுந்தது. சரி, தூள் உண்மையான தூள். மெஷினுக்கும் கண் தெரிகிறது.

பிறகு சுண்ட வைத்த சாம்பிளில், தன் கையால், அதே கரைசலை அதே அளவு விட்டாள். கலக்கினாள். கொடுத்தாள்.

தரை.

இன்னும் கொஞ்சம் விட்டாள்.

தரை.

குழாய் மாறிவிட்டதா என்று லேபிளைப் பார்த்தாள். மாறவில்லை. ஊசி அடைத்திருக்கிறதா என்று பார்த்தாள். தெளித்துக்கொண்டுதான் இருந்தது. வெறும் தண்ணீரில் போட்டதை மறுபடி கொடுத்தாள். பீக் எழுந்தது. சாம்பிளில் போட்டதைக் கொடுத்தாள். தரை. பிறகு அவள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.

மேடம் கை கழுவிவிட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"என்ன சொல்லுது மெஷின்?"

"எக்டோயின் இல்லைன்னு சொல்லுது, மேடம்."

"இருக்கா?"

"இருக்கு. நான்தான் போட்டேன்."

"யாரு பாத்தா?"

இசக்கி நிமிர்ந்தாள். "நானே போட்டேன், மேடம். என் கையால."

"நீ சொல்லுத. மெஷின் இல்லங்குது. நான் யாரை நம்ப?"

இசக்கி குழாயையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.  தான் செய்ததைச் செய்யவில்லை என்று ஒரு திரை சொல்லும்போது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"உள்ள வரலாமா?" என்றார் மேடம்.

"வாங்க, மேடம்."

"திரையில எந்த இடத்தைப் பாத்துட்டு இருக்க?"

"நூத்து நாப்பத்தி மூணு."

"அதை மட்டுமா?"

"அதுதானே வேணும்."

"முழுசா விரி."

இசக்கி விரித்தாள். சின்ன ஜன்னல் அகன்று மொத்தத் திரையும் தெரிந்தது. நூற்று நாற்பத்து மூன்றில் தரைதான். ஆனால் அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோடுகள். ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில், ஓர் ஒழுங்கோடு, திரையின் கோடி வரைக்கும். யாரோ முள்வேலிக்குக் கல் ஊன்றியது போல.

இவ்வளவு நாளாக அந்த வேலிக்கு நடுவில் இருந்த ஒரு சாண் வெறுமையைத்தான் அவள் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள்.

"ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் எவ்வளவு தூரம்?"

எண்ணிப் பார்த்தாள். எல்லா இடத்திலும் ஐம்பத்தெட்டு. சோடியம் இருபத்து மூன்று, குளோரின் முப்பத்தைந்து. சேர்ந்தால் உப்பு.

 அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவள் பிறந்த வீட்டின் வாசலிலிருந்து பார்த்தால் தெரிவது அதுதான்.

"மெஷினோட வாயைத் திற. சூடு ஆறட்டும் முதல்ல."

ஆறியதும் முன்பக்கத்துக் கதவைத் திறந்தாள். சாம்பிள் பறந்து நுழைகிற சின்னத் துவாரம். அதைச் சுற்றிலும் வெள்ளையாய், பொருக்குப் பொருக்காய், வரப்பு கட்டியிருந்தது. வேலை முடிந்து வருகிறபோது அம்மாவின் கணுக்காலில் இருப்பது போலவே இருந்தது. கையுறை போட்ட விரலால் தொட்டாள். மொறுமொறுவென்று உதிர்ந்தது.

"பாவம். இதுக்கு பிரஷர் வந்துரும்," என்றார் மேடம்.

இசக்கிக்குச் சிரிப்பு வரவில்லை.

"கழுவுன உப்புத் தண்ணி, மேடம். மெத்தனால்ல உப்பு அவ்வளவா கரையாதுன்னு விட்டுட்டேன்."

"அவ்வளவா கரையாதுதான். ஒண்ணும் தப்பில்ல."

"பிறகு நான் சுண்ட வச்சேன்."

"ம்."

"எக்டோயினோட சேந்து உப்பும் சுண்டிருக்கு."

"ம்."

"துளி காயுறப்ப எக்டோயினைப் பறக்க விடாம உப்பே எல்லா இடத்தையும் பிடிச்சிருக்கு. பீக் வரலைன்னு இன்னும் சுண்ட வச்சேன். அது இன்னும் கெட்டியா…"

 மேடம் ஒரு துணியை எடுத்து அவளிடம் நீட்டினார். ஏசியின் தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

இருவருமாக மெஷினின் வாயைத் துடைத்தார்கள். மேடம் சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு, பல் விளக்கிவிடுவது போலப் பொறுமையாகச் செய்தார். பிறகு இசக்கி பழைய சாம்பிளில் ஒன்றை எடுத்தாள். எதையும் போடாத, சுண்டவும் வைக்காத ஒன்று. அதில் ஒரு சொட்டு. மிச்சம் பூராவும் தண்ணீர். விடும்போது, இருக்கிற கொஞ்சத்தையும் கரைத்துக் கொட்டுகிறோமே என்றிருந்தது.

மெஷினில் கொடுத்தாள்.

வேலி தாழ்ந்தது. ஐம்பத்தெட்டுக்கு ஒரு கல் இன்னும் இருந்தது. ஆனால் புல் உயரத்துக்கு வந்துவிட்டது. நூற்று நாற்பத்து மூன்றில் ஒன்று எழுந்தது. பனைமரம் என்று சொல்ல முடியாது. ஆனால் எழுந்தது. அவள் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். அது இன்னும் கொஞ்சம் வளர்ந்தது.

இசக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். அவள் கையாலும் கண்டாயிற்று. கட்டுரை போகலாம். பேர் அச்சில் வரும். ஆனால் முதுகில் யாரோ கை வைத்திருப்பது போல ஒரு கூச்சம்.

"முதல்லயே சொல்லிருக்கலாமே, மேடம்."

"கதவைச் சாத்திட்டு வந்தவட்ட என்னத்தைச் சொல்ல?"

"தளவாய் அண்ணனாவது சொல்லிருக்கலாம்ல."

"தண்ணி ஊத்துன்னு சொல்லலையா?"

சொல்லியிருந்தான். எதற்கென்றுதான் சொல்லவில்லை. சந்தேகத்தில் ஒரு நூல் இன்னும் அறாமல் இருந்தது. அவள் அதைப் பிடித்து இழுத்தாள்.

"ஆனா குப்பில இருந்து எடுத்தாரு, மேடம். சாம்பிள்ல விட்டாரு. நான் பாத்தேன்."

"எத்தனை குழாய் இருந்துச்சு அவன் முன்னால?"

இசக்கி கண்ணை மூடி அந்த ஞாயிற்றுக்கிழமையை மறுபடி பார்த்தாள். கதவுக் கண்ணாடி. குப்பி. முணுமுணுப்பு. குழாய் தாங்கி. அதில் இரண்டு குழாய்கள். அவள் பார்த்தது அவன் விட்ட குழாயை மட்டும்தான்.

"ரெண்டு," என்றாள்.

"எப்பவும் ரெண்டு வைப்பான். ஒண்ணுல போடுவான், மெஷின் அதைக் காட்டுதான்னு பாப்பான். காட்டுனாத்தான் போடாததைக் குடுப்பான். பேப்பர்ல இருக்கது போடாதது. குப்பில தூள் குறையுறது அதுலதான், மெஷினைப் பாக்க நானும் எடுப்பேன். ரெண்டும் கம்ப்யூட்டர்ல இருக்கு, போய்ப் பாரு."

"பாக்குதேன், மேடம்."

"பாக்கணும். நான் சொன்னேன்னு விட்டுறாதே."

அவள் அங்கேயே உட்கார்ந்து தளவாயின் கோப்புகளைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு. போட்டது, போடாதது. மறைக்கவெல்லாம் இல்லை, எல்லோரும் திறக்கிற இடத்தில்தான் இருந்தன. இத்தனை நாளும் அவள் அங்கே தேடவில்லை. ஃபிரிட்ஜில் தேடியிருக்கிறாள்.

"இதையும் நீங்கதான் அவருக்குச் சொல்லிக் குடுத்தீங்களா, மேடம்?"

"மழைக்கு முந்தி ஒரு நாள் அவனும் என் ரூமுக்கு வந்தான். உன்னைப் போலத்தான், வந்ததும் கதவைச் சாத்தினான்."

"எதுக்கு?"

"அவனுக்கும் முதல்ல பீக் வரலை. யாரோ தன் சாம்பிளைக் கெடுக்காங்கன்னு சொன்னான். ஆளையும் பாத்து வச்சிருந்தான். சாட்சிகூட வச்சிருந்தான். நானும் புகார் எழுதச் சொன்னேன், அதுக்கு முந்தி ஒரு வேலை இருக்குன்னேன்."

இசக்கி மெதுவாகக் கேட்டாள். "யாரைச் சொன்னாரு?"

"பேரைச் சொன்னான். நான் மறந்துட்டேன்."

வராந்தாவின் கோடியிலிருந்து தளவாயின் குரல் வந்தது. "இன்ஸ்பெக்டர், டீக்கடைக்குப் போறேன். இன்னைக்காவது வாரியா, இல்ல ரெய்டு ஏதும் இருக்கா?"

இசக்கி குரல் வந்த பக்கம் திரும்பினாள். அந்த ஆய்வகத்தில் மொத்தமே இரண்டு மாணவர்கள்தான். எதற்கு என்று கேட்டபோது அவன் ஏன் முகத்தைப் பார்க்காமல் பைப்பெட்டைத் துடைத்தான் என்பது இப்போது வேறு மாதிரித் தெரிந்தது. லேபிளை இரண்டு தரம் படிப்பவளுக்கு அவன் ஏன் இன்ஸ்பெக்டர் என்று பேர் வைத்தான் என்பதும். மழைக்கு முந்தி அவன் தன்னோடு ஒரு வாரம் சரியாகப் பேசாமல் இருந்தது நினைவுக்கு வந்தது. ஒரு நாள் தன் சாம்பிள் பெட்டியைப் பூட்டிவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டதும் நினைவுக்கு வந்தது. அப்போது அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. இப்போது ஒன்றோடு ஒன்று வந்து ஒட்டியது.

"மேடம்."

"சொல்லு."

"அந்தப் பேர் என் பேரா?"

ஜெசிந்தா மேடம் மெஷினின் வாயைச் சாத்தி, துடைத்த துணியை மடித்து வைத்தார்.

"மறுபடியும் சுண்ட வைக்க ஆரம்பிச்சுட்டியே, இசக்கி. தண்ணி ஊத்து."